சொந்த நிலத்தில் குட்டை வெட்டுவதற்கு யந்திரம் தேர்ந்தெடுத்தல்

மானாவாரி நிலங்களில் மழைத் தண்ணீரைத் தேக்கிக் கொள்வதற்காகப் பட்டாதாரர்கள் தங்கள் சொந்த நிலத்திலேயே குட்டை வெட்டிக்கொள்வது இப்போது சகஜமாகி வருகிறது. முன் காலத்தில் இவ்வேலை மண்வெட்டியாலும் கூடையாலும் நடந்து வந்தது. பல மாதங்கள் நீடித்தபோதிலும், வேலை கண்ணெதிரே மெல்ல நடந்தபடியால் தவறு நேரும் இடத்தில் நிறுத்தித் திருத்த அவகாசம் இருந்தது. யந்திரமோ மூன்று நாட்களில் காரியத்தை முடித்துவிடுகிறது. தவறையும் அதே வேகத்தில் முடித்துவிடுகிறது. ஒரு குட்டைக்கென்று சேர்த்து வைத்த பணம் பாதிக் குழியில் தீர்ந்துபோனால், அந்த வருஷத்துப் பருவ மழையும் அக்குடியானவருக்கு உபயோகமின்றிப் போகும். ஆகையால் எந்த யந்திரத்தை அமர்த்துவது என்பதை, யந்திரம் வரப்பில் வந்து நிற்பதற்கு முன்னரே யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

முதலில் மண்ணின் அளவு

யந்திரத்தைப் பற்றிப் பேசுமுன் எவ்வளவு மண் வெட்டப்படும் என்பதைக் கணக்கிட வேண்டும். உதாரணமாக, மேல்மட்டத்தில் 100 அடி நீளமும் 100 அடி அகலமும் உள்ள குட்டையை 8 அடி ஆழத்திற்கு வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஓரங்களை 1 அடி ஆழத்திற்கு ஒன்றரை அடி வீதம் சரிவாக விட்டால், அடித்தளம் 76 அடி சதுரமாக அமையும். வெட்டப்படும் மண் சுமார் 62,300 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்ற வழக்கப்படி 623 யூனிட். ஓர் ஆள் நாளொன்றுக்கு 75 கன அடி வெட்டிச் சுமப்பதாக எண்ணினால் இது 830 ஆள் வேலையாகும். கரையிலிருந்து ஓர் அடி இறக்கித் தண்ணீர் நின்றால் 52,600 கன அடி, அதாவது ஏறக்குறைய 15 லட்சம் லிட்டர் தேங்கும். கசிவிலும் வெயிலிலும் பாதி போனாலும், மீதியைக் கொண்டு மூன்றரை ஏக்கர் பயிருக்கு 2 அங்குலம் வீதம் ஒரு நனைப்புக் கொடுக்கலாம். பூக்கும் தருணத்தில் வாடும் பருத்திக்கோ மிளகாய்க்கோ அந்த ஒரு நனைப்பு எவ்வளவு பெறும் என்பதை விவசாயிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அநேகர் எண்ணிப் பாராத ஒரு விஷயம் உண்டு. வெட்டிய மண் குழியில் இருந்த அளவில் வெளியே இருப்பதில்லை. கட்டி உடைந்து பொதுமுவதால் சாதாரண மண் நூற்றுக்கு 25 பங்கு வரையில் பெருகும். களிமண் அதற்கு மேலும் பெருகும். மணல் குறைவாகவே பெருகும். ஆகவே மேற்படி 623 யூனிட் மண் வெளியே வந்ததும் சுமார் 780 யூனிட் ஆகிறது. இதை ஓர் ஏக்கரில் பரப்பினால் ஒன்றே முக்கால் அடி உயரம் மண் ஏறிவிடும். குட்டையைச் சுற்றி 4 அடி ஓரம் விட்டு, 3 அடி உயரமும் 4 அடி மேலகலமும் உள்ள கரை போட்டாலும், அதற்குச் செல்வது 12,000 கன அடிக்குச் சற்று அதிகமே. மீதி மண் எங்கே போகப்போகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பின்னரே எந்த யந்திரம் என்ற கேள்வி எழ வேண்டும். பக்கத்திலேயே ஒதுக்கித் தள்ளுவதற்கு ஒரு யந்திரம், ஏற்றிக் கொண்டு போவதற்கு வேறொரு யந்திரம் என்று வேலை பிரிவது இவ்விடத்தில்தான்.

சோதனைக் குழி

உத்தேசித்த ஆழத்திற்கும் 2 அடி கூடுதலாக, குட்டையின் நடுவிலும் இரு மூலைகளிலும் ஆள் வைத்துச் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பது அவசியம். இதற்காகும் இரண்டொரு நாள் கூலி வீணாகாது. மேலே செம்மண்ணாகவும், 5 அடியில் சுக்கான் கல்லாகவும் இருந்தால், டயர் வண்டி அவ்விடத்தில் பல் தேய்ந்து நிற்கும். மணிக் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். களிமண் படுகை 7 அடியில் முடிந்து அதற்குக் கீழே மணல் தென்பட்டால், குட்டையை 6 அடியோடு நிறுத்திக்கொண்டு, வேண்டுமானால் நீள அகலத்தைக் கூட்டுவதே சரி. பெரிய யந்திரம் கையில் இருக்கும்போது இன்னும் இரண்டு அடி போகலாமே என்ற ஆசை எழுவது இயல்பு. அந்த இரண்டு அடியில் களிப்படுகை துளைபட்டுத் தண்ணீர் நிற்காமல் போன குட்டைகள் உண்டு. ஆழத்தை நிர்ணயிக்க வேண்டியது மண்ணேயன்றி யந்திரத்தின் கை நீளம் அன்று.

யந்திரங்களின் வகை

கிராமங்களில் யந்திரங்களுக்கு வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் அவற்றைச் செய்யும் கம்பெனிகளின் பெயர்களே. ஜே.சி.பி. என்பது 1945-ல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்பவர் பெயரின் முதலெழுத்துக்கள். பொக்லைன் என்பது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தோண்டு யந்திரங்களைச் செய்த ஒரு பிரெஞ்சுக் கம்பெனி. ஹிட்டாச்சி ஜப்பான் தேசத்தது. இன்று எந்தக் கம்பெனியின் யந்திரமாயினும், டயரில் ஓடுவது ஜே.சி.பி. என்றும், இரும்புச் சங்கிலியில் ஊர்வது ஹிட்டாச்சி அல்லது பொக்லைன் என்றும் அழைக்கப்படுகிறது. ஆகவே வாடகை பேசும்போது பெயரைக் கேட்டுத் திருப்தி அடையாமல், யந்திரத்தின் எடை எத்தனை டன், வாளி எவ்வளவு கொள்ளும், கை எவ்வளவு எட்டும் என்று கேட்பதே விவேகம்.

டயர் வண்டி சுமார் 8 டன் எடையுள்ளது. முன்புறம் அள்ளும் அகன்ற வாளியும் பின்புறம் தோண்டும் சிறு வாளியும் கொண்டது. பின்வாளி 9 அல்லது 10 கன அடி கொள்ளும். 14, 15 அடி ஆழம் வரை தோண்டும். தானே ரோட்டில் ஓடி வந்துவிடும் என்பது இதன் பெரிய அனுகூலம். தோண்டிய மண்ணை முன்வாளியால் அள்ளி டிப்பரில் போடவும், வரப்பைச் சமன் செய்யவும் கூடும். இதன் குறைகள், ஒவ்வோர் இடத்திலும் முட்டுக்கால்களை ஊன்றி எடுக்க வேண்டியிருப்பதும், பின்கை அரைவட்டமே திரும்புவதும், ஈர மண்ணில் டயர் புதைவதும் ஆம்.

சங்கிலி வண்டியில் 20 டன் வகை குட்டை வேலைக்கு ஏற்றது. வாளி 30 கன அடிக்கு மேல் கொள்ளும்; 20 அடிக்கு மேல் ஆழம் தோண்டும்; நின்ற இடத்திலிருந்தே முழு வட்டமாகச் சுழலும். எடை அதிகமாயினும் அகன்ற சங்கிலியின் மேல் பரவி நிற்பதால், தரையின்மேல் அதன் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கு உட்பட்டதே. ஆகையால் டயர் வண்டி புதையும் இடத்திலும் இது நிற்கும். ஆனால் ரோட்டில் தானாகப் போகலாகாது. டிரெய்லரில் ஏற்றிக் கொணர்ந்து, வேலை முடிந்ததும் அவ்வாறே திருப்பி அனுப்ப வேண்டும். இவ்வகையிலேயே 3 முதல் 8 டன் வரையுள்ள சிறு யந்திரங்களும் உண்டு. தென்னந்தோப்பு, மாந்தோப்பு முதலியவற்றில் மரங்களுக்கிடையே புகுந்து வேலை செய்ய இவை உகந்தவை. கைநீளம் 50 அடி வரை எட்டும் நெடுங்கை யந்திரம் சேறு நிறைந்த பழைய குட்டையைக் கரையில் நின்றபடியே தூர் வாருவதற்கு உரியது. புதுக்குட்டை வெட்ட அதை அமர்த்துவது பணத்திற்கு நஷ்டம், அதன் வாளி சிறியது.

புல்டோசர் மண்ணை அள்ளுவதில்லை, தள்ளுகிறது. தள்ளும் தூரம் 100 அடிக்கு உட்பட்டிருந்தால் இதைவிட மலிவாக மண்ணை நகர்த்தும் யந்திரம் இல்லை எனலாம். 300 அடிக்கு மேற்பட்டால் வீண் செலவு. அகலமாகவும் ஆழம் குறைவாகவும் உள்ள தாங்கல் போன்ற தேக்கங்களுக்கும், வெட்டிய மண்ணைப் பரப்பிச் சமப்படுத்துவதற்கும் இது சிறந்தது. தான் வெட்டிய குழியிலிருந்து தானே ஏறி வரவேண்டியிருப்பதால், குட்டையின் இரு பக்கங்களேனும் நீண்ட சரிவாக இருத்தல் வேண்டும்.

கை எட்டும் தூரம்

20 டன் சங்கிலி வண்டியின் கை சுமார் 30 அடி எட்டும். 100 அடி அகலக் குட்டையில் கரையிலிருந்து நடு மத்திக்கு 50 அடி. நடுவில் உள்ள மண்ணை ஒருமுறை எடுத்துப் பாதி வழியில் போட்டு, மறுமுறை எடுத்து வெளியே போட வேண்டும். ஒரே மண்ணுக்கு இருமுறை வாடகை கொடுப்பது இது. இதைத் தவிர்க்க, நிலம் இடங்கொடுத்தால் குட்டையைச் சதுரமாக வெட்டாமல் நீளமாக வெட்டலாம். 50 அடி அகலக் குட்டையாயின் யந்திரம் நடுவில் நின்று பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருபுறமும் மண்ணை ஒதுக்கிச் செல்லும். இருமுறை தொடும் வேலை மிகவும் குறையும். ஆனால் நீளக் குட்டையில் அதே கொள்ளளவுக்குக் கரையோரம் அதிகமாவதால் கசிவும் சற்று அதிகம். கசிவு குறைந்த கரிசலில் நீள வடிவமும், செம்மண்ணில் சதுர வடிவமும் பொருந்தும் என்று கொள்ளலாம்.

மணிக் கணக்கா, யூனிட் கணக்கா?

வாடகையை மணி விகிதத்தில் ஒப்பிட்டுக் குறைந்ததைத் தேர்வது பலரும் செய்யும் பிழை. ஒப்பிட வேண்டியது ஒரு யூனிட் மண்ணுக்கு என்ன செலவாகிறது என்பதையே. வாடகை ஊருக்கு ஊர், டீசல் விலைக்குத் தக்கபடி மாறும். கணக்கு விளங்குவதற்காக மட்டும், டயர் வண்டி மணிக்கு 1,200 ரூபாய் என்றும் 9 யூனிட் வெட்டும் என்றும், சங்கிலி வண்டி மணிக்கு 2,400 ரூபாய் என்றும் 24 யூனிட் வெட்டும் என்றும் வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு யூனிட்டுக்கு 133 ரூபாய். இரண்டாவதற்கு 100 ரூபாய். இதோடு சங்கிலி வண்டிக்குப் போக்குவரத்து டிரெய்லர் செலவு 15,000 ரூபாய் சேரும். மேலே சொன்ன 623 யூனிட் வேலைக்கு டயர் வண்டி சுமார் 83,000 ரூபாயும், சங்கிலி வண்டி டிரெய்லர் உட்பட 77,300 ரூபாயும் பிடிக்கும். 200 யூனிட் கொண்ட சிறு குட்டைக்கோ டயர் வண்டி 26,700 ரூபாய், சங்கிலி வண்டி 35,000 ரூபாய். இரண்டும் சமமாகும் எல்லை 450 யூனிட். தத்தம் ஊர் வாடகையை இந்தக் கணக்கில் இட்டு, அந்த எல்லை தங்கள் குட்டைக்கு மேலா கீழா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். அக்கம் பக்கத்தில் மூன்று நான்கு பட்டாதாரர்கள் ஒன்றுகூடி ஒரே சமயத்தில் வேலை வைத்துக்கொண்டால் டிரெய்லர் செலவு பங்காகி, சிறு குட்டைக்கும் பெரிய யந்திரம் கட்டுப்படியாகும்.

மண்ணை ஏற்றிக்கொண்டு போவதாயின் டிப்பரின் எண்ணிக்கையையும் கணிக்க வேண்டும். 3 யூனிட் டிப்பரைச் சங்கிலி வண்டி சுமார் 4 நிமிஷத்தில் நிரப்பிவிடும். டிப்பர் போய்க் கொட்டித் திரும்ப 15 நிமிஷம் ஆகுமென்றால், யந்திரம் சும்மா நிற்காதிருக்க 5 டிப்பர்கள் வேண்டும். இரண்டே டிப்பர்தான் கிடைக்கும் என்னும் ஊரில், பாதிக்கு மேற்பட்ட நேரம் பெரிய யந்திரம் நின்றுகொண்டே வாடகை வாங்கும். டயர் வண்டிக்கு ஒரு டிப்பர் நிரப்ப 12 நிமிஷம் வரை ஆவதால் அதற்கு இரண்டு போதும். மேலும், டிப்பர் நடைக் கணக்கில் வெட்டுக்கூலி பேசுகிறவர்கள், நடை எண்ணிக்கை பொதுமிய மண்ணின் அளவு என்பதை மறக்கலாகாது. 623 யூனிட் வெட்டியதற்கு 780 யூனிட்டின் கூலியைக் கொடுத்தவர்களாவர். வெட்டிய குழியை அளந்து கொடுப்பதே நியாயமான முறை. முற்காலத்தில் மண் வேலைக்காரர்கள் செய்தது போல், அளவு முடியும்வரை குழியின் நடுவே இரண்டொரு வெட்டாத மண் திட்டுகளைச் சாட்சியாக விட்டு வைத்தால் ஆழத்தைப் பற்றி வழக்கு எழாது.

மணிக் கணக்கில் பேசினால், டீசல் யாருடையது, ஓட்டுநரின் பேட்டா யாருடையது, யந்திரம் வரும் வழி நேரம் கணக்கில் சேருமா, பழுது பார்க்கும் நேரம் கழிக்கப்படுமா என்பவற்றை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். யந்திரத்திலுள்ள மணிமானி எஞ்சின் சும்மா ஓடினாலும் ஏறும். ஆகவே தினமும் காலையிலும் மாலையிலும் அதன் எண்ணைக் குறித்து, ஓட்டுநரும் பட்டாதாரரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நலம். வேளாண்மைப் பொறியியல் துறையும் புல்டோசர், தோண்டு யந்திரங்கள் முதலியவற்றை விவசாயிகளுக்கு மணி வாடகைக்கு அளித்து வருகிறது. உபகோட்ட உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்தோ உழவன் செயலியின் மூலமோ பதிவு செய்துகொள்ளலாம். வேலை மிகும் கோடைக் காலத்தில் முறை வருவதற்குக் காத்திருக்க நேரிடுமாதலால் முன்கூட்டியே பதிவு செய்வது உத்தமம்.

மேல்மண்ணும் கரையும்

யந்திரம் இறங்கியதும் முதல் வேலையாக மேல்மண்ணை முக்கால் அடி ஆழத்திற்குச் சுரண்டித் தனியே குவிக்கச் சொல்ல வேண்டும். பல தலைமுறை எருவும் சருகும் சேர்ந்த மண் அது. அதைக் கரைக்கு அடியில் புதைத்துவிட்டு, அடியிலிருந்து வந்த உவர் மண்ணையும் சுக்கானையும் வயலில் பரப்பி, இரண்டு மூன்று வருஷம் விளைச்சல் குன்றக் காண்பது பரிதாபமானது. அடிமண்ணைத் தாழ்ந்த மூலைகளிலும் வண்டிப் பாதையிலும் இட்டு, அதன்மேல் மேல்மண்ணை மீண்டும் பரப்ப வேண்டும். மிகுந்த மண்ணை வெளியே விற்பதாகவோ கொண்டுபோவதாகவோ இருந்தால், சொந்தப் பட்டா மண்ணாயினும் 1959-ஆம் வருஷத்துச் சிறு கனிமச் சலுகை விதிகளின் கீழ் அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றி டிப்பர் ரோட்டில் ஏறினால் வண்டி பிடிபடுவதோடு, குட்டை வேலையும் நின்றுபோகும். கிராம நிர்வாக அலுவலர்கள் இதை முன்னதாகவே எடுத்துரைத்தால் குடியானவர்களுக்குப் பெரிய உபகாரமாகும். புலப்படத்தைப் பார்த்து, குட்டை விழும் இடத்தில் புறம்போக்கு ஓடையோ வாய்க்காலோ குறுக்கிடவில்லை என்று உறுதி செய்வதும் அவர்கள் உதவியால் சுலபமாகும்.

தண்ணீர் தரைமட்டத்திற்குக் கீழேயே நிற்குமானால் கரை வெறும் வரப்பே. அதைப் பற்றி அதிகக் கவலை வேண்டாம். கரையில் சாய்ந்து தண்ணீர் நிற்கும்படி அமைப்பதானால் கரையைக் கெட்டிப்படுத்தியே தீர வேண்டும். இங்கே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 20 டன் யந்திரம் மேலே ஏறி இறங்கினால் கரை இறுகிவிடும் என்று நினைக்கிறார்கள். மேலே சொன்ன அரைக் கிலோ அழுத்தம், நடந்துபோகும் மனிதனின் ஒற்றைக் கால் அழுத்தத்திலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. மாட்டின் குளம்பு அதனினும் மிக அழுத்தும். கரையின்மேல் ஆடுமாடுகளை மிதிக்க விட்ட பழைய வழக்கத்தில் பொருள் இருந்தது. ஆட்டுக்கால் போன்ற முளைகள் கொண்ட உருளை யந்திரமும் அந்தக் குளம்பின் வேலையையே செய்கிறது. மண்ணை 9 அங்குலத்திற்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் இறுக்க வேண்டும். உருளை கிடைக்காவிடில் மண் ஏற்றிய டிராக்டர் டிரெய்லரை அடுக்குதோறும் பலமுறை ஓட்டலாம். டயரின் அழுத்தம் சங்கிலியின் அழுத்தத்திற்கு மேற்பட்டது. தோண்டு யந்திரம் உயரத்திலிருந்து கொட்டிய குவியலை அப்படியே விட்டால் முதல் மழையில் அது குட்டைக்குள்ளேயே கரைந்து இறங்கும்.

பழைய குட்டையைத் தூர் வாருபவர்கள் வண்டலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காக அடியில் படிந்து இறுகிய களியே தண்ணீரைத் தாங்குகிறது. அதை வாளிப் பல்லால் கிழிப்பது பானையின் அடியைத் தட்டுவதற்கு ஒப்பாகும்.

காலமும் எச்சரிக்கையும்

மாசி அறுவடைக்குப் பின் ஆடி வரை ஏற்ற காலம். கரிசல் முற்றும் காய்ந்தால் இரும்பாய் இறுகும், நனைந்தால் எந்தச் சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும். கோடை மழை ஒன்று பெய்து பத்து நாள் ஆறியபின் வெட்டுவது இலகு. கரிசலில் ஓரச் சரிவை 1 அடிக்கு 2 அடியாக விடுவது நல்லது. ஐப்பசியை நெருங்கி வேலை தொடங்குபவர்கள் பாதியில் யந்திரத்தைச் சேற்றில் விட நேரிடும்.

யந்திரத்தின் கை உயர்ந்தால் 30 அடியைத் தொடும். வயலின் குறுக்கே செல்லும் மின்கம்பியின் கீழ் வேலை செய்வது உயிருக்கு ஆபத்து. மின்வாரிய அலுவலகத்தில் தெரிவித்து மின்சாரத்தை நிறுத்தச் செய்த பின்னரே அவ்விடத்தில் வேலை வைக்கலாம், கூடுமானால் குட்டையையே தள்ளி அமைக்க வேண்டும். குழியின் விளிம்பிலிருந்து 4 அடிக்குள் மண்ணைக் குவிக்க விடலாகாது. செங்குத்தாக வெட்டிய சுவரின் கீழ் ஆட்கள் இறங்கவும் கூடாது.

யந்திரத்தை டிரெய்லரில் ஏற்றுமுன், தண்ணீர் உள்ளே வரும் வழியும், மிகுதி வழியும் கலிங்கும், வண்டலை வடிக்கும் சிறு குழியும் வெட்டி முடிந்தனவா என்று பார்க்க வேண்டும். ஒரு மணி வேலைக்காக மறுபடி அழைப்பதற்கு டிரெய்லர் செலவு முழுவதும் ஆகும். குட்டையின் ஒரு பக்கத்தையேனும் 1 அடிக்கு 4 அடி வீதம் நீண்ட சரிவாக வாளியால் இழைத்துவிடச் சொல்லலாம். ஆடு மாடு தவறி விழுந்தாலும், குழந்தைகள் விழுந்தாலும், ஈரக் களியில் செங்குத்தான ஓரத்தைப் பற்றி ஏற முடியாது. அந்தச் சரிவு ஒன்றே கரையேற வழி. அதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் இரண்டு மணிக்கு மேற்படாது. முதல் மழைக்கு முன்பே சுற்றிலும் முள்வேலியும் அமைத்துவிட வேண்டும்.